இஞ்சின் சூடாகுற வரைக்கும்

வேணாம் மாமா, இன்னொரு தடவ செல்ஃப் அடிக்காதீங்க. சாவியில இருந்து கைய எடுத்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். பெட்ரோல் வாசனை மூக்குல ஏறுது பாருங்க. ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சு. நாலு பிளக்கும் நனைஞ்சு போயிருக்கும். இனிமே பேட்டரி தீர்ற வரைக்கும் அடிச்சாலும் சும்மா இருமிக்கிட்டே கெடக்கும், எந்திரிக்காது. எறங்கி வாங்க. ஐயோ, நான் உங்களத் தப்பு சொல்லல மாமா. நான் போய் உங்களத் தப்பு சொல்லுவேனா? என் செட்டிங்தான் தப்பு. எல்லாமே என் தப்புதான், போதுமா?

இந்த ஸ்டூல்ல உக்காருங்க. அது வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும், நீங்க விழுந்து வச்சீங்கன்னா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும். டீ ஊத்தறேன், பிளாஸ்க்குல இன்னும் சூடா இருக்கு. கீழ சிந்திட்டேனா? குளிர்தான் மாமா, வேற என்ன. ராத்திரி பூரா ஷட்டரப் பாதி தூக்கியே விட்டிருந்தேன், இஞ்சின் நல்லா ஜில்லுன்னு ஆகணும்ல. வண்டியோட சேர்ந்து நானும் ஜில்லிட்டுப் போயிட்டேன். தரையில கால் வைக்க முடியல. நீங்க ஷூ போட்டிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாது.

பிளக்க ஒண்ணொண்ணாக் கழட்டி, தொடைச்சு, காய வச்சு மாட்டிட்டா முடிஞ்சுது. அஞ்சே நிமிஷம். சரி, பத்துன்னு வச்சுக்குங்க. இந்தாங்க, கைய வச்சுப் பாருங்க, எப்படி நனைஞ்சிருக்கு! தொடைச்சு மாட்டாம ஓட்டினா அந்தப் பெட்ரோல் அப்படியே ஓரமா வழிஞ்சு எறங்கி ஆயில்ல கலந்துடும். இவ்வளவு ஆசையா செஞ்ச இஞ்சின். அதுக்கு மட்டும் என்ன ஒண்ணு ஆனாலும் உங்களால தாங்க முடியாது, எனக்குத் தெரியும்.

ஏன் இவ்வளவு விடியக்காலைல வரச் சொன்னேன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்வி. சூடா இருக்கற இஞ்சின ஸ்டார்ட் பண்றது ஒரு வித்தையே இல்ல மாமா. மத்தியானம் எத்தன தடவ வேணா அடிச்சுப் பாக்கலாம், தப்பாப் போனா மாத்திட்டு மறுபடி பாக்கலாம். ஜில்லுன்னு இருக்கறது அப்படி இல்ல. ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் குடுக்கும். ஒரு தடவ பத்திக்கிச்சா, சூடாயிடும், அவ்வளவுதான். அப்புறம் மறுநாள் காலை வரைக்கும் மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். அதனாலதான் வண்டிய ராத்திரியே விட்டுட்டுப் போங்க, விடிஞ்சதும் வாங்கன்னு கெஞ்சினேன். ஓட்டறவர் நீங்க. உங்க கால், உங்க கை. நீங்க இல்லாம நான் செட் பண்ணி என்ன பிரயோஜனம்?

குளிர்ல பெட்ரோல் பாதி ஆவியாகாது மாமா. உள்ளயே ஈரமா ஒட்டிக்கிட்டு நிக்கும். அதனால கொஞ்சம் கூடக் குடுக்கணும். எவ்வளவு கூடன்னு வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டருக்கு நாமதான் சொல்லணும், ஒவ்வொரு குளிருக்கும் தனித்தனியா. வண்டியோட வந்த பழைய கம்ப்யூட்டர்ல அதெல்லாம் யார் யாரோ பனியிலயும் வெயில்லயும் நின்னு பாத்துப் போட்டு அனுப்பியிருப்பாங்க. அதக் கழட்டி எறிஞ்சுட்டு இத மாட்டச் சொன்னீங்க. தப்பில்ல, பவர் வேணும். பெட்ரோல் பீச்சற இன்ஜெக்டரும் பெருசு பெருசா போட்டாச்சு. ஆனா இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமே தெரியாது மாமா, பொறந்த கொழந்த மாதிரி. எல்லாத்தையும் நான்தான் ஊட்டணும். சரியா ஊட்டினேனா இல்லையான்னு காலைல அந்த ஒரு நிமிஷத்துலதான் தெரியும்.

அந்த ஒரு நிமிஷம் இருக்கே, இந்தக் குளிர்காலம் பூரா அதுதான் என்ன விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி விடுது. தூக்கம் கலைஞ்சதும் மொத நெனப்பு அதுதான். இந்நேரம் மாமா கீழ எறங்கியிருப்பாரு, சாவியத் திருப்பியிருப்பாரு, பத்திக்கிச்சோ இல்லையோ. என்ன, அவ்வளவு அக்கறையான்னு சிரிக்கறீங்க. அக்கறைதான்னு வச்சுக்குங்களேன்.

இல்ல, சொல்லிடறேன். நீங்க கோச்சுக்கக் கூடாது. அன்னிக்கு வண்டி அணைஞ்சு அணைஞ்சு போச்சுன்னு போன்ல கத்தினீங்கல்ல? கீழ் வீட்டுக்காரர் பல் தேய்ச்சுக்கிட்டே நின்னு சிரிச்சாருன்னு. அன்னிக்கு சாயந்தரம் நான் லேப்டாப்பத் தூக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தேன். அக்கா கையில கட்டு. கதவுல நசுங்கிடுச்சுன்னு நீங்க சொன்னீங்க. நான் அவளத்தான் கேட்டேன், பதில் சொன்னது நீங்க. அவ உள்ள போயிட்டா. பாப்பா என் மடியில வந்து உக்காந்துகிட்டு, மாமா மாமா, கார் நல்லாயிடுச்சா, நாளைக்கு ஸ்டார்ட் ஆயிடுமான்னு திரும்பத் திரும்ப அதையே கேக்குது. அந்த வயசுக் கொழந்த பொம்ம கேக்கும், மிட்டாய் கேக்கும். இது கார் ஸ்டார்ட் ஆகுமான்னு கேக்குது.

இல்ல இல்ல, நான் ஒண்ணும் சொல்ல வரல. கதவுதான், கதவுதான். கதவுன்னா நசுங்கத்தான் செய்யும். உக்காருங்க மாமா. அந்த ஸ்பேனரக் கீழ வச்சுடுங்களேன். சும்மாதான் வச்சிருக்கீங்க, தெரியுது. ஆனா நீங்க கையில எதையாவது வச்சுக்கிட்டு நின்னா எனக்கு வேல ஓட மாட்டேங்குது. பயமான்னா? பயம்தான். உங்களக் கண்டா எனக்குப் பயம், அதுல மறைக்க என்ன இருக்கு? நம்ம வீட்ல பூனை குறுக்க ஓடினாலே துள்ளற ஆளு நான். அக்காதான் சின்ன வயசுல என்ன ஸ்கூலுக்குக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவா. தெருமுனையில ஒரு நாய் நிக்கும். அவ முன்னாடி நடப்பா, நான் அவ பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டே போவேன். இப்பவும் அப்படித்தான், என்ன பண்றது.

பக்கத்து வெல்டிங் கடைக்காரர் இந்நேரத்துக்கு வந்துடுவாரு. இன்னிக்குன்னு பாத்து ஆளக் காணோம். இல்ல, சும்மாதான் சொன்னேன். அவர் வந்தா கொஞ்சம் ஆள் அரவம் இருக்கும்.

கெளம்பறீங்களா? எங்க? ஆட்டோவுலயா? மாமா, மாமா, ரெண்டு பிளக் மாட்டியாச்சு, இன்னும் ரெண்டே ரெண்டுதான். இப்ப விட்டுட்டுப் போனா, மறுபடி நாளைக்கு விடிகாலைல வரணும். நாளைக்குக் காலைல வண்டி வாசல்ல இருக்காது, கீழ் வீட்டுக்காரர் என்ன, வண்டி இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கான்னு கேப்பாரு. தேவையா உங்களுக்கு? பாப்பா ஸ்கூலுக்கு நேரம் இருக்கு. அக்காவ வேலைக்கு விடவும் நேரம் இருக்கு. அவங்க ரெண்டு பேரும் ஒரு நாள் கொஞ்சம் கூடத் தூங்கட்டுமே.

அக்கா போன் எடுக்கலையா? ரிங் போகுதுல்ல? அப்ப குளிக்கப் போயிருப்பா. தண்ணி ஊத்தற சத்தத்துல எங்க கேக்கப் போகுது. இருங்க, இருங்க, நீங்க டென்ஷன் ஆகாதீங்க, நான் அடிக்கறேன். என் நம்பர்னா ஏதோ வண்டி விஷயம்னு எடுப்பா. அந்தத் துணியக் கொஞ்சம் குடுங்க, கையெல்லாம் பெட்ரோல்.

ஹலோ. ஆங், அக்கா. குளிச்சிட்டிருந்தியா? அதான பாத்தேன். ஆமா, இங்கதான், என் எதுக்கத்தான் உக்காந்திருக்காரு. ஒண்ணும் இல்ல, ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சு, பிளக் மாட்டிட்டு இருக்கேன். பாப்பா எந்திரிச்சுட்டாளா? தலை பின்னறியா? சரி, பின்னு பின்னு. இல்லக்கா, வந்துடுவாரு. நேரா வீட்டுக்குத்தான் வருவாரு. நீ ரெடியா இரு. சரி, மாமாகிட்ட குடுக்கறேன். ஹலோ? ஹலோ? அக்கா?

கட் ஆயிடுச்சு மாமா. பாப்பா எதையோ இழுத்துடுச்சு போல, ஐயோன்னு சத்தம் கேட்டுச்சு, வச்சுட்டா. தலை பின்னிட்டு இருக்கா. இப்ப மறுபடி அடிச்சீங்கன்னா பாதி பின்னல விட்டுட்டு வருவா, அது அழும். ரெடியா இருக்கேன்னு சொல்லிட்டா, அப்புறம் என்ன? டீயக் குடிங்க, ஆறிப் போகுது.

வேர்க்குதா எனக்கு? குனிஞ்சே நிக்கறேன்ல. குனிஞ்சா வேர்க்கும்.

ஒரு விஷயம் கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? நீங்க ஓட்டக் கத்துக்கிட்டது அந்தக் காலத்து கார்புரேட்டர் வண்டிதான? அதுல சாவி திருப்பறதுக்கு முன்னாடி ஆக்ஸிலேட்டர நங்கு நங்குன்னு மிதிச்சாத்தான் பெட்ரோல் வந்து நிக்கும். அந்தப் பழக்கம் கால விட்டுப் போகல உங்களுக்கு. இதுல அது வேணாம் மாமா. இதுல நீங்க செல்ஃப் அடிச்சுக்கிட்டே ஒரு மிதி மிதிச்சா, ஐயா இன்னும் கேக்கறாருன்னு கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் ஊத்தும். இன்னொரு மிதி, இன்னும் கொஞ்சம். கேட்டதக் குடுத்துட்டு, கடைசில மூச்சு முட்டி நிக்கறது என்னவோ இஞ்சின்தான். போன தடவயும் சொன்னேன், உங்களுக்கு ஞாபகம் இல்ல. பரவாயில்ல, உங்களுக்கு ஆயிரம் வேல. நான் கொஞ்சம் கொறச்சும் வச்சுட்டேன் இப்ப, இந்தா, லேப்டாப்புல ஒரு தட்டு, அவ்வளவுதான்.

ஆச்சு. கடைசி பிளக். கொஞ்சம் பொறுங்க, கையால மொதல்ல திருகி உக்கார வைக்கணும், மரை கோணலாப் போச்சுன்னா இஞ்சின் தலையவே கழட்டணும். ஆங். இப்ப ஏறி உக்காருங்க. கால் ரெண்டையும் தரையில வைங்க. வலது கால் மாமா, தரையில. மிதிக்காதீங்க, தொடக்கூட வேணாம். சாவிய மொதக் கட்டத்துல நிறுத்துங்க. கேட்டுச்சா, பின்னாடி ஒரு ரீங்காரம்? பம்ப் ஓடுது. இப்பவே ஒரு சொட்டு முன்னாடி ஊத்தி வச்சிருக்கும். மூச்ச இழுத்து விடுங்க. நான் விடறேன் மொதல்ல. இப்பத் திருப்புங்க.

அடேங்கப்பா! கேட்டீங்களா? ஒரே செல்ஃப்! ஒரு இருமல், ஒரு உதறல் கெடையாது. ஜில்லுன்னு கல்லு மாதிரி கெடந்த இஞ்சின் மாமா இது! எத்தன காலை, எத்தன தடவ மாத்தி மாத்திப் போட்டேன் தெரியுமா? சத்தியமாச் சொல்றேன், இந்த நிமிஷம் எனக்கு எல்லாமே மறந்து போச்சு. கேளுங்களேன், எப்படி ஓடுதுன்னு.

இல்ல, இல்ல, கியர் போட்டுடாதீங்க! லேப்டாப் ஒயர் ஜன்னல் வழியா வந்திருக்கு, இழுத்துட்டுப் போயிடுவீங்க. இப்பத்தான் முக்கியமான கட்டம். பத்திக்கறது பெருசில்ல, பத்தினதக் காப்பாத்தணும். கூடக் குடுத்த பெட்ரோல இப்ப கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கணும், இஞ்சினுக்கே தெரியாம. சட்டுன்னு கொறச்சா அணைஞ்சுடும், கொறைக்காம விட்டா அடைச்சுக்கும். இந்த சூடு காட்டற மீட்டர் ஊசி நடுவுல வர்ற வரைக்கும் நீங்க அசையாம உக்காந்திருந்தா, நான் இங்க ஒவ்வொண்ணா சரி பண்ணிடறேன். இன்னிக்கு விட்டா இதுவும் நாளைக்குத்தான். ஹீட்டரப் போட்டுக்குங்க, கதகதன்னு இருக்கும்.

சிரிக்கறீங்க. நீங்க சிரிச்சா நல்லாத்தான் இருக்கீங்க மாமா. கல்யாணத்தன்னிக்கு இப்படித்தான் சிரிச்சீங்க, என் தோள்ல கையப் போட்டு, இனிமே உங்க அக்காவப் பத்தி உனக்குக் கவலையே வேணாம்னு சொன்னீங்க. நான் நம்பினேன். நான் என்ன, எல்லாருமே நம்பினோம். நாளைக்குக் கீழ் வீட்டுக்காரர் முன்னாடி ஸ்டார்ட் பண்ணிக் காட்டணுமா? காட்டுங்க, நல்லாக் காட்டுங்க. வாயப் பொளந்துகிட்டு நிப்பாரு.

ஊசி ஏறுது பாருங்க. கொறைக்கறேன். இன்னும் கொஞ்சம். சத்தம் மாறுதா? மாறல. அதான் வேணும். கோச்சுக்காதீங்க, இன்னும் கொஞ்ச நேரம். அக்காதான் நேரா வீட்டுக்கு வருவாருன்னு எதிர்பாத்துட்டு இருக்காளே, எங்க போயிடப் போறா.

என் போன்தான். ஒரு ரிங்குல நின்னுடுச்சு. மிஸ்டு கால், தெரியாத நம்பர். ராங் நம்பரா இருக்கும். இல்ல, திருப்பிக் கூப்பிடல. தேவையில்ல.

அப்பாடா. இல்ல மாமா, ஒண்ணும் இல்ல, குனிஞ்சு குனிஞ்சு முதுகு புடிச்சுக்கிச்சு, அதான். ஊசி நடுவுக்கு வந்துடுச்சு. இந்தாங்க, ஒயர எடுத்துட்டேன். வண்டி ரெடி. இனிமே எந்தக் குளிர்லயும் ஒரே செல்ஃப்தான், என் பொறுப்பு. பக்கத்துல ஷட்டர் தூக்கற சத்தம் கேக்குதா? வெல்டிங் கடைக்காரர் வந்துட்டாரு. நான் ஏன் வாசப் பக்கம் வந்து நிக்கறேன்னா? சும்மாதான். வெயில் வருது.

கெளம்புங்க மாமா. மெதுவாவே போங்க, அவசரப்படாதீங்க. வீட்ல யாரும் இல்ல.

குளிக்கல. தலையும் பின்னல. நான் பேசினப்ப அந்தப் பக்கம் ரிங் போயிக்கிட்டேதான் இருந்துச்சு. அவ போன் உங்க வீட்டுலதான் கெடக்கும், அது கையில இருந்தா எங்க இருக்கான்னு நீங்க கண்டுபுடிச்சுடுவீங்கன்னு விட்டுட்டுப் போகச் சொன்னேன். இந்த செட்டிங் போன வாரமே சரியாயிடுச்சு மாமா. நீங்க மிதிச்சா ஊத்தித் தள்ளற மாதிரி நேத்து நான்தான் மாத்தி வச்சேன், நீங்க மிதிப்பீங்கன்னு தெரியும். வேற எத சொல்லி உங்கள விடிகாலைல அந்த வீட்ட விட்டு வெளிய வரவைக்கறது? காலைல அவள வேலைக்கு விடறதும் நீங்க, சாயந்தரம் கூட்டிட்டு வர்றதும் நீங்க. நடுவுல அவளுக்குன்னு ஒரு மூச்சு விட நேரம் கெடையாது. காருக்கு மட்டும்தான் அவள விட்டுட்டு வருவீங்க.

எங்க போயிருக்கான்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது மாமா. பாப்பாவும் அவளும் பஸ் ஏறியாச்சுன்னுதான் அந்த மிஸ்டு கால், எந்த பஸ்ஸுன்னு எனக்குத் தெரியாது. அவ சொல்ல வாயெடுத்தா, நான்தான் வேணாக்கா, என்கிட்ட மட்டும் சொல்லிடாதன்னு காதப் பொத்திக்கிட்டேன். நீங்க ரெண்டு அடி போட்டா ஒண்ணு விடாம ஒளறிக் கொட்டிடுவேன், என்னப் பத்தி எனக்குத் தெரியாதா? அவளுக்கும் தெரியும். அதனால நீங்க எறங்கி வந்து எவ்வளவு வேணா அடிக்கலாம் மாமா. என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல.